இன்னொருவர் படிக்கும்படி எழுதுவோம் நம் கணக்கை

சனிக்கிழமை மாலை மஸ்ஜித் இந்தியா பக்கம் போய்ப் பாருங்கள். துணிக்கடை, நகைக்கடை, மளிகைக்கடை, பணமாற்றுக் கடை என்று தெரு முழுவதும் வியாபாரம். வாங்க வருகிறவர்களில் பலர் பணப்பையைத் திறப்பதே இல்லை. கைப்பேசியை எடுக்கிறார்கள், கியூஆர் குறியீட்டின் மேல் காட்டுகிறார்கள், பணம் போய்விடுகிறது. ஐம்பது வெள்ளி நோட்டை எண்ணிக் கொடுக்கும்போது விரலுக்குத் தெரிகிற இழப்பு இதில் தெரிவதில்லை.

விளைவு என்ன? "சம்பளம் வந்து பத்து நாள்தான் ஆகுது, காசு எங்க போச்சுன்னே தெரியல!" வேலைக்குச் சேர்ந்து ஓரிரு ஆண்டுகள் ஆன நம் இளையோரிடம் அடிக்கடி கேட்கும் பேச்சு இது. சம்பளம் போதவில்லை என்பது ஒரு பிரச்சினை. போன இடம் தெரியவில்லை என்பது வேறொரு பிரச்சினை. முதலாவதைத் தீர்க்க முதலாளி மனம் வைக்க வேண்டும். இரண்டாவதைத் தீர்க்க ஒரு நோட்டுப் புத்தகமும் பேனாவும் போதும்.

கணக்கு எழுதுங்கள் என்று எல்லாரும் சொல்கிறார்கள். எழுதத் தொடங்குகிறவர்கள் பலர் இரண்டாம் மாதமே நிறுத்திவிடுகிறார்கள். ஏன்? தனக்கு மட்டும் எழுதும் கணக்கில் தன்னையே ஏமாற்றிக்கொள்வது எளிது. இன்னொருவர் படிக்கப் போகிறார் என்று எழுதும் கணக்கு அப்படியில்லை. இதை நன்கு அறிந்திருந்த ஒரு தெரு, மஸ்ஜித் இந்தியாவிலிருந்து நடந்து போகும் தூரத்தில் இருக்கிறது.

கிட்டங்கியில் நடந்த பாடம்

இந்தியப் பள்ளிவாசல் 1863-இல் எழுந்தது. அதைச் சுற்றித் தமிழ் முஸ்லிம் வணிகர்கள் கடை விரித்தார்கள். பக்கத்திலேயே, லெபோ அம்பாங்கில், நாட்டுக்கோட்டை நகரத்தார்களின் கிட்டங்கிகள் இருந்தன. கிட்டங்கி என்பது நீண்ட கூடம். ஒரே கூரையின் கீழ்ப் பல நிறுவனங்கள். ஒவ்வொன்றுக்கும் தரையில் ஒரு சிறிய இடம், ஒரு மரப்பெட்டி, சில கணக்குப் புத்தகங்கள். வேலை, சாப்பாடு, உறக்கம் எல்லாம் அங்கேயேதான்.

தொழிலுக்கு வரும் சிறுவன் முதலில் பெட்டியடிப் பையன். எடுபிடி வேலை செய்தபடியே கணக்கைக் கற்றுக்கொள்வான். பிறகு அடுத்தாள். அதன்பின் பொறுப்பேற்று நடத்தும் மேலாள். பள்ளிக்கூடம் என்ற பெயர் இல்லாவிட்டாலும் அது ஒரு தொழிற்கல்விக் கூடம்தான்.

அங்கே கணக்கு எப்படி எழுதப்பட்டது? அன்றன்றைய வரவும் செலவும் நடந்த வரிசையில் சிட்டையில் ஏறும். அங்கிருந்து ஆள்வாரியாக, இனவாரியாகப் பேரேட்டுக்குப் போகும். எல்லாவற்றையும் சேர்த்து ஐந்தொகை போட்டால், தொழில் எந்த நிலையில் நிற்கிறது என்று ஒரே பார்வையில் தெரியும். கோயிலுக்கும் அறத்துக்கும் ஒதுக்கும் மகமைக்கும் கணக்கு உண்டு. நாள் முடிவில் சிட்டை சொல்லும் இருப்பும் பெட்டியில் இருக்கும் ரொக்கமும் ஒத்துப்போக வேண்டும்.

இதில் நாம் கவனிக்க வேண்டியது ஒன்று. கோலாலம்பூரில் இருந்த மேலாள் அந்தக் கணக்கைத் தனக்காக எழுதவில்லை. முதலாளி கடல் தாண்டிச் செட்டிநாட்டில் இருந்தார். கணக்கு அவருக்குப் போகும். மேலாளின் தவணை வழக்கமாக மூன்று ஆண்டுகள். அது முடிந்ததும் அடுத்தவர் வந்து அதே பேரேட்டைத் திறப்பார். ஆகவே ஒவ்வொரு வரியும், எழுதியவர் பக்கத்தில் இல்லாமலேயே இன்னொருவருக்குப் புரிய வேண்டும். "சில்லறைச் செலவு" என்று பொதுவாக எழுதித் தப்பிக்க முடியாது.

இங்கே வட்டித் தொழிலைப் புகழ வரவில்லை. அந்தக் கடன்களால் நிலத்தை இழந்தவர்களும் இந்த நாட்டில் உண்டு. ஆனால் வட்டி வாங்கியவர்களின் கைக்கணக்கை, வட்டி கட்டியவர்களின் பிள்ளைகளான நாமும் கற்றுக்கொள்வதில் தவறில்லை.

நம் ‘கூட்டு’ சட்டப் புத்தகத்தில்

பெரிய வணிகர்கள் மட்டுமல்ல, சாதாரணக் குடும்பங்களும் கணக்கு எழுதியே பணம் சேர்த்தன. அம்மாக்களும் பாட்டிகளும் பிடித்த கூட்டுச் சீட்டு உங்களில் பலருக்குத் தெரிந்திருக்கும். பத்துப் பேர் சேர்ந்து மாதம் ஆளுக்கு நூறு வெள்ளி போடுவார்கள். ஒவ்வொரு மாதமும் ஒருவர் ஆயிரம் வெள்ளியை எடுத்துக்கொள்வார். ஒருவர் வீட்டில் கல்யாணம், இன்னொருவர் வீட்டில் பிள்ளையின் கல்லூரிக் கட்டணம். மலாய்க்காரர்களும் இதைக் ‘கூத்து’ என்றே சொல்கிறார்கள்.

சீட்டுப் பிடித்தவர்கள் சிலர் பணத்தோடு மறைந்ததும் நடந்தது. 1971-இல் இந்நாட்டில் கூட்டு நிதித் தடைச் சட்டம் வந்தது. அதன் ஆங்கிலப் பெயரிலேயே ‘கூட்டு’ என்ற தமிழ்ச் சொல் இருக்கிறது. கூட்டு நிதியைத் தொழிலாக நடத்துவது அச்சட்டப்படி குற்றம்.

கூட்டு எங்கே நன்றாக நடந்தது, எங்கே கெட்டது என்று வீட்டுப் பெரியவர்களைக் கேட்டுப் பாருங்கள். நோட்டைப் பத்துப் பேரும் பார்க்க முடிந்த இடத்தில் நம்பிக்கை இருந்தது. நோட்டு ஒருவர் அலமாரிக்குள் பூட்டிக் கிடந்த இடத்தில் வம்பு வந்தது.

ஜப்பானில் ஒரு பத்திரிகையாளர்

இதே கருத்தை ஒரு நாட்டின் பழக்கமாகவே ஆக்கிய பெண்மணி ஒருவர் உண்டு. ஹானி மோட்டோகோ ஜப்பானின் முதல் பெண் செய்தியாளர் என்று அறியப்படுபவர். 1903-இல் கணவரோடு சேர்ந்து குடும்பப் பத்திரிகை ஒன்றைத் தொடங்கினார். 1904-இல் ‘காக்கெய்போ’ எனப்படும் வீட்டுக் கணக்குப் புத்தகத்தை வடிவமைத்து வெளியிட்டார்.

அவர் சொன்ன முறை எளிமையானது. மாதத் தொடக்கத்திலேயே உணவுக்கு இவ்வளவு, கல்விக்கு இவ்வளவு என்று ஒதுக்குங்கள். பிறகு நடந்த செலவை எழுதுங்கள். இரண்டுக்கும் உள்ள இடைவெளியைப் பாருங்கள். 1930-இல் அவருடைய வாசகர்கள் நாடு தழுவிய நண்பர் சங்கமாகத் திரண்டார்கள். வீட்டுக் கணக்கை ஒருவரோடொருவர் ஒப்பிட்டுப் பேசுவது அந்தச் சங்கத்தின் முக்கிய வேலைகளில் ஒன்றானது. வீட்டுப் பணத்தைப் பற்றி வெளியே பேசக் கூடாது என்று நினைக்கும் சமூகம் நம்முடையது மட்டுமல்ல. அங்கும் அப்படித்தான். அதையும் மீறி அவர்கள் பேசினார்கள்.

காந்தியடிகளும் லண்டனில் மாணவராக இருந்தபோது பஸ் கட்டணம், தபால் தலை, செய்தித்தாள் என்று ஒவ்வொரு காசையும் எழுதி, இரவு படுக்கும் முன் இருப்பைச் சரிபார்த்தார். அப்படி எழுதியதைப் படித்த பிறகுதான் செலவைப் பாதியாகக் குறைக்கலாம் என்று தெரிந்தது. பஸ்ஸை விட்டு நடக்கத் தொடங்கினார். பிற்காலத்தில் பொதுப்பணம் லட்சக்கணக்கில் கையில் புழங்கியபோது அந்தப் பழக்கமே கைகொடுத்தது என்று தன் வரலாற்றில் குறிப்பிட்டிருக்கிறார்.

பள்ளியில் படித்தது எங்கே போயிற்று?

நம் பள்ளிகளில் இதெல்லாம் சொல்லித்தரவில்லை என்று சொல்ல முடியாது. மூன்றாம் படிவக் கணிதத்தில் சேமிப்பு, முதலீடு, கடன் பற்றிய பாடம் இருக்கிறது. நான்காம் படிவத்தில் நிதி நிர்வாகம். ஐந்தாம் படிவத்தில் காப்புறுதியும் வரியும். எஸ்பிஎம் எழுதிய யாரும் கூட்டுவட்டியைக் கணக்கிடாமல் வெளியே வந்திருக்க முடியாது.

ஆனால் அந்தப் பாடத்தில் வரும் வரவும் செலவும் யாரோ ஒரு கற்பனை மனிதருடையவை. விடையைக் கண்டுபிடித்து மதிப்பெண் வாங்கியதோடு மறந்துவிடுகிறோம். சொந்தப் பெயரில், சொந்தச் சம்பளத்தில் அதே கணக்கைப் போடும்போதுதான் சுடுகிறது. போட்டுப் பார்ப்போம்.

2025 பிப்ரவரியிலிருந்து குறைந்தபட்சச் சம்பளம் 1,700 வெள்ளி. அதில் ஊழியர் சேமநிதிக்கு (இபிஎப்) 11 விழுக்காடு, அதாவது 187 வெள்ளி. சொக்சோ, வேலை காப்புறுதிப் பிடித்தம் போகக் கையில் வருவது ஏறக்குறைய 1,500 வெள்ளி. பிரிக்பீல்ட்ஸ் பக்கம் அறை எடுத்துத் தங்கி, மஸ்ஜித் இந்தியாவில் வேலை செய்யும் ஒருவரை எடுத்துக்கொள்வோம். அறை வாடகை 450. வீட்டுக்கு அனுப்புவது 200. சாப்பாடு 450. ரயிலுக்கும் பேருந்துக்கும் மாதப் பயணச் சீட்டு 50. கைப்பேசிக் கட்டணம் 40. மொத்தம் 1,190. மீதி 310 வெள்ளி.

"அப்படியானால் மாதம் 300 வெள்ளி சேமிக்கலாமே" என்று தோன்றும். அவரே தன் கைப்பேசியில் உள்ள ‘இப்போது வாங்கு, பிறகு கட்டு’ தவணைகளைச் சேர்த்து எழுதட்டும். கைப்பேசித் தவணை 140, காலணி 60, காதொலிக் கருவி 55. மொத்தம் 255. மீதி 55 வெள்ளிதான். தனித்தனியாகப் பார்த்தால் எல்லாம் சின்னத் தொகை. ஒரே தாளில் ஒன்றன்கீழ் ஒன்றாக எழுதும்வரை அந்த 255 கண்ணில் படாது.

கடன் அட்டைக்கும் இதே கதைதான். 3,000 வெள்ளி பாக்கி, ஆண்டு வட்டி 18 விழுக்காடு என்றால் மாத வட்டி 45 வெள்ளி. குறைந்தபட்சத் தொகை 5 விழுக்காடு, அதாவது 150 வெள்ளி கட்டுகிறீர்கள். "150 கட்டிவிட்டேன்" என்று மனம் சொல்லும். அசலில் குறைந்தது 105 தான். கணக்கில் இரண்டு வரியாக எழுத வேண்டும்: அசல் 105, வட்டி 45.

இன்னொரு நுட்பம். இ-வாலட்டில் 50 வெள்ளி நிரப்புவது செலவு அல்ல. ஒரு பெட்டியிலிருந்து இன்னொரு பெட்டிக்குப் பணம் மாறுகிறது, அவ்வளவே. அந்த ஐம்பது எதற்குப் போனது என்பதே செலவு. "டாப் அப் 50" என்று எழுதி முடித்துவிட்டால், காசு எங்கே போச்சு என்ற பழைய கேள்வி அப்படியே இருக்கும்.

நெருக்கடி சொல்லிக்கொண்டு வராது

மஸ்ஜித் இந்தியா கண்ட இரண்டு சோதனைகளை நினைத்துப் பார்ப்போம். 2020 மார்ச் 18-இல் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை தொடங்கியது. ஏப்ரல் 7-இல் இப்பகுதியின் சிலாங்கூர் மேன்ஷன், மலாயன் மேன்ஷன் கட்டடங்கள் முழுமையாக முடக்கப்பட்டன. உள்ளே இருந்தவர்கள் வெளியே வர முடியவில்லை. பிறகு 2024 ஆகஸ்ட் 23-இல் நடைபாதை திடீரென உள்வாங்கி, இந்தியாவிலிருந்து வந்திருந்த ஒரு பெண்மணி குழிக்குள் விழுந்தார். ஒன்பது நாள் தேடியும் அவர் கிடைக்கவில்லை. அந்தத் துயரத்தோடு, மக்கள் வர அஞ்சியதால் வியாபாரமும் படுத்தது. கடையில் வேலை செய்தவர்கள், விற்பனைக்கேற்ப ஊதியம் பெற்றவர்கள் எந்தத் தவறும் செய்யாமலே வருமானம் இழந்தார்கள்.

பெருந்தொற்றுக் காலத்தில் ஊழியர் சேமநிதியிலிருந்து சிறப்பு மீட்புகளாக எடுக்கப்பட்ட தொகை 145 பில்லியன் வெள்ளி. அது முதுமைக்கென்று வைத்திருந்த பணம். இன்று அந்தச் சேமிப்பு மூன்று கணக்குகளாகப் பிரிக்கப்பட்டிருக்கிறது. 2024 மே 11 முதல் புதிய சந்தாவில் 75 விழுக்காடு ஓய்வுக் கணக்குக்கும், 15 விழுக்காடு நல்வாழ்வுக் கணக்குக்கும், 10 விழுக்காடு எப்போது வேண்டுமானாலும் எடுக்கக்கூடிய நெகிழ்வுக் கணக்குக்கும் போகிறது. எடுக்கலாம் என்பதற்காக எடுத்துக்கொண்டே இருப்பவருக்கு அது இன்னொரு இ-வாலட் ஆகிவிடும்.

அவசர நிதி வேண்டும், மூன்று மாதச் செலவைச் சேர்த்து வையுங்கள் என்று நிபுணர்கள் சொல்கிறார்கள். மூன்று மாதச் செலவு எவ்வளவு என்று யாருக்குத் தெரியும்? எழுதியவருக்குத்தான். மேலே சொன்ன இளைஞருக்கு மாதம் 1,190 வேண்டும் என்றால் இலக்கு 3,570 வெள்ளி. இலக்கு ஒரு எண்ணாக மாறியதும் பயம் குறைகிறது. மாதம் 55 வெள்ளியில் அந்த இலக்கை அடைய ஐந்து ஆண்டுக்கு மேல் ஆகும் என்பதும் தெரிகிறது. தவணைகளை முதலில் முடிக்க வேண்டும் என்ற முடிவு தானாகவே வருகிறது.

வள்ளுவரும் இதைச் சொல்லியிருக்கிறார். வருமானம் சிறிதாக இருப்பதால் கேடில்லை, செலவாகும் வழி அகலாமல் இருந்தால் போதும் என்பது அவர் கருத்து. அந்தக் குறளை அவர் பொருள் தேடும் அதிகாரத்தில் வைக்கவில்லை. வலியறிதல் அதிகாரத்தில் வைத்தார். தன் வரவு செலவை அறிவது தன் வலிமையை அறிவது.

மறைத்த கணக்கே வளர்கிறது

நம் இளைஞர்கள் சிக்கலில் மாட்டுவது கடன் வாங்கியதால் மட்டுமல்ல. வாங்கியதை மறைப்பதால். அப்பாவுக்குத் தெரியக் கூடாது என்று ஒரு கடன். அதைக் கட்ட நண்பருக்குத் தெரியாமல் இன்னொரு கடன். கடைசியில் சுவரொட்டியில் பார்த்த எண்ணுக்கு அழைப்பு. வட்டி முதலைகள் நம்பியிருப்பது கடனாளியின் வெட்கத்தைத்தான்.

உரிமம் பெற்ற கடன் நிறுவனம் 1951-ஆம் ஆண்டுச் சட்டத்துக்கு உட்பட்டது. அடைமானம் இல்லாத கடனுக்கு ஆண்டுக்கு 18 விழுக்காட்டுக்கு மேல் வட்டி கேட்க முடியாது, அடைமானம் உள்ள கடனுக்கு 12 விழுக்காடு. வாரக்கணக்கில் வட்டி பேசுகிறவரும், அடையாள அட்டையையோ ஏடிஎம் அட்டையையோ கேட்கிறவரும் யார் என்று இதிலிருந்தே புரிந்துகொள்ளலாம். "உன் வங்கிக் கணக்கைக் கொஞ்ச நாள் கொடு, 300 வெள்ளி தருகிறேன்" என்பவரிடமும் எச்சரிக்கை தேவை. மோசடிப் பணம் அந்தக் கணக்கு வழியாகப் போனால் போலீஸ் தேடி வருவது கணக்குக்கு உரியவரைத்தான்.

ஏற்கெனவே சிக்கியவர்களுக்கும் வழி இருக்கிறது. 2006-இல் பேங்க் நெகாரா அமைத்த ஏகேபிகே என்ற கடன் ஆலோசனை, நிர்வாக அமைப்பு இலவசமாக ஆலோசனை தருகிறது, வங்கிக் கடன்களைச் சீரமைக்கவும் உதவுகிறது. வங்கிகளில் உங்கள் கடன் நிலவரத்தைச் சொல்லும் சிசிஆர்ஐஎஸ் அறிக்கையை நீங்களே இணையத்தில் இலவசமாகப் பெறலாம். மோசடியில் பணம் போய்விட்டால் தாமதிக்காமல் 997 எண்ணுக்கு அழையுங்கள். இந்த இடங்களில் எல்லாம் முதலில் கேட்கப்படுவது: யாருக்கு எவ்வளவு பாக்கி? எழுதி வைத்தவருக்கு அந்தப் பதில் கையிலேயே இருக்கும்.

யார் படிக்க வேண்டும்?

இன்று சமூக ஊடகங்களில் சம்பளத்தையும் சேமிப்பையும் ஊரறியச் சொல்லும் இளையோர் பலர். அதனால் நன்மையும் உண்டு. தன்னைப் போன்ற ஒருவர் எப்படிக் கடனை அடைத்தார் என்று படிக்கும்போது துணிவு வருகிறது. ஆனால் ஆயிரம் பேர் பார்க்கும் இடத்தில் வெற்றியை மட்டும் எழுதத் தோன்றும். போன மாதம் தவறவிட்ட தவணை அங்கே ஏறாது. வங்கி அறிக்கையைப் படம்பிடித்துப் போடுவது மோசடிக்காரருக்கு அழைப்பிதழ் அனுப்புவது போல.

ஆயிரம் பேர் வேண்டாம். ஒருவர் போதும். அக்காவாக இருக்கலாம், தாய்மாமனாக இருக்கலாம், நம்பகமான நண்பராக இருக்கலாம். திட்டாதவராகவும், கடன் கேட்காதவராகவும், வெளியே சொல்லாதவராகவும் இருக்க வேண்டும். அவரும் தன் கணக்கை உங்களிடம் காட்டினால் இன்னும் நல்லது. ஹானி மோட்டோகோவின் வாசகர்கள் செய்தது அதுவே.

தொடங்குவதற்குச் சில வழிகள்:

1. ஒவ்வொரு நாளும் இரவில் ஐந்து நிமிடம். நடந்த வரிசையில் எழுதுங்கள். அது உங்கள் சிட்டை.

2. வார இறுதியில் இனவாரியாகப் பிரியுங்கள்: சாப்பாடு, பயணம், வீடு, கடன், பிறருக்குக் கொடுத்தது. அது உங்கள் பேரேடு.

3. எழுதிய இருப்பையும் வங்கி, இ-வாலட், பணப்பை மூன்றிலும் உள்ள உண்மையான இருப்பையும் ஒப்பிடுங்கள். வித்தியாசம் வந்தால் மறைக்காமல் ‘தெரியாத செலவு’ என்று தனி வரியில் எழுதுங்கள். அடுத்த மாதம் அந்த வரி சுருங்குகிறதா என்று பாருங்கள்.

4. மாத முடிவில் கடன்களை எல்லாம் ஒரே தாளில் எழுதுங்கள்: பிடிபிடிஎன், மோட்டார் சைக்கிள், கடன் அட்டை, தவணைகள், நண்பரிடம் வாங்கியது. பக்கத்தில் வட்டி விகிதத்தையும் எழுதுங்கள். ஆண்டுக்கு 1 விழுக்காடு உள்ள பிடிபிடிஎன் கடனையும் 18 விழுக்காடு உள்ள அட்டைக் கடனையும் அருகருகே பார்த்தால் கூடுதல் காசை எதற்குக் கட்டுவது என்று யாரும் சொல்ல வேண்டியதில்லை. பிடிபிடிஎன் மாதத் தவணையையும் தவறவிடாதீர்கள்.

5. அந்தத் தாளை நீங்கள் தேர்ந்தெடுத்தவரிடம் கொடுங்கள். நீங்கள் விளக்காமலேயே அவருக்குப் புரிகிறதா என்று பாருங்கள். புரியாத வரியில்தான் வழக்கமாகக் காசு ஒளிந்திருக்கும்.

எஸ்பிஎம் முடித்துப் பகுதிநேர வேலைக்குப் போகும் தம்பி, தங்கைகளுக்கு இதுவே சரியான நேரம். சம்பளம் சிறிதாக இருக்கும்போது கணக்கும் சிறிதாக இருக்கும், கற்றுக்கொள்வது எளிது. பெற்றோருக்கும் ஒரு வேண்டுகோள். பிள்ளை தன் கணக்கைக் கொண்டுவந்து காட்டினால் முதல் கேள்வி "இதுக்கெல்லாமா செலவு பண்ணே?" என்று இருக்க வேண்டாம். அன்று கிடைக்கும் திட்டு, அடுத்த மாதக் கணக்கை மறைக்கச் சொல்லிவிடும். முழுதும் படித்துவிட்டு, உங்கள் கணக்கையும் ஒருமுறை எடுத்துக் காட்டுங்கள்.

இந்த மாதச் சம்பளம் வந்ததும் முதல் வரியை எழுதிவிடுங்கள். மாத முடிவில் அதை யாரிடம் கொடுக்கப் போகிறீர்கள் என்பதை இன்றே முடிவு செய்யுங்கள்.